மேகநாத சாஹா

மேகநாதம் என்பது முகிலின் முழக்கம். இராவணன் மைந்தனாகிய இந்திரசித்துக்கும் மேகநாதன் என்பதே இயற்பெயர். கோணமலையில் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த சாம்பல்தீவாராகிய நமக்கு அப்பெயர் புதிதன்று. அப்பெயர் பூண்ட வங்கத்து விஞ்ஞானியின் வரலாறும் நாம் அறியத்தக்கதே.

1893 ஒக்டோபர் 6ஆம் நாள், டாக்காவை அடுத்த சிற்றூர் ஒன்றில், சிறு கடை வைத்துப் பிழைத்தவர்க்கு ஐந்தாம் பிள்ளையாகச் சாஹா பிறந்தார். அனந்தகுமார் தாஸ் என்னும் மருத்துவர் தம் இல்லத்தில் உண்டியும் உறையுளும் நல்கியமையால் பள்ளிப் படிப்புத் தொடர்ந்தது. வங்கப் பிரிவினை நிகழ்ந்த 1905ஆம் ஆண்டின் கிளர்ச்சியில், ஆளுநர் வருகையைப் புறக்கணித்த மாணவரோடு இவரும் நின்றார்; பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்; உபகாரச் சம்பளமும் போயிற்று. பின்னர்க் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் சத்தியேந்திரநாத போஸ் உடன்மாணாக்கர்; ஜகதீச சந்திர போஸ் ஆசிரியர். அத்தகைய இடத்திலும், விடுதியில் சாதி கருதி இவரோடு உடனிருந்து உண்ண மறுத்தனர். கற்றோர் கூட்டத்திலே பந்தி வேறாயிற்று என்பதை நினைக்க நெஞ்சு கசக்கிறது.

1920இல் அவர் பெரும்பணி வெளிவந்தது. ஞாயிற்றைச் சூழ்ந்த நிறமண்டலத்தில் மேலே செல்லச் செல்ல, இலத்திரனை இழந்த கல்சியமே காணப்பட்டது. இழக்காத கல்சியத்தின் அடையாளம் தாழ்ந்த படையோடு நின்றுவிட்டது. வெப்பம் ஒன்றையே காரணமாகக் கொண்டார்க்கு இது விளங்கவில்லை. சாஹா அமுக்கத்தையும் கணக்கிற் சேர்த்தார். பிரிந்த இலத்திரன் மீண்டும் ஓர் அயனைச் சந்தித்தாலன்றோ கூடல் நிகழும்? வாயு மிக ஐதானால் சந்திப்பு அரிது. எனவே பிரிவு நிலைக்கும். (அகத்திணை பயின்றார்க்கு இது எளிதில் விளங்கும்!) இதனை ஒரு சமன்பாடாக்கியதும், விண்மீன்களின் நிறமாலையைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையைக் கணிக்க வழி பிறந்தது.

இவ்வாறு பிரிந்த வாயுவுக்கே 1928இல் அமெரிக்கராகிய லாங்மியூர் பிளாஸ்மா எனப் பெயரிட்டார். சாஹாவின் சமன்பாடு, துணிக்கைகள் யாவும் ஒரே வெப்பநிலையில் உள்ள பிளாஸ்மாவுக்கு உரியது. அச்சமநிலை வாய்க்காத தண்ணிய பிளாஸ்மாவும் உண்டு. மின்புலம் நொய்ய இலத்திரனையே பெரிதும் முடுக்கும். கனத்த அணுக்கள் சூடேறா. வீட்டுக் குழல்விளக்கினுள் இலத்திரன்கள் பல்லாயிரம் பாகை வெப்பநிலையில் இயங்கவும் குழாய் கைபொறுக்கும் சூட்டிலேயே இருப்பது இதனாலாம்.

இன்று மருத்துவர் சிலர் ஆர்கன் வாயுவின் தண்ணிய பிளாஸ்மாவை ஆறாப் புண்மீது சிறிது நேரம் பாய்ச்சுகின்றனர். அது காற்றோடு கலந்து பிறப்பிக்கும் வீரிய ஒட்சிசன், நைதரசன் துணிக்கைகள் கிருமியைக் கொல்லும், தோல் கருகாது. நீரிழிவுப் புண்ணாற் பாதம் இழந்தாரைக் கண்டவர் இதன் அருமை அறிவர். ஆயினும் இது வழக்கமான சிகிச்சைக்குத் துணையேயன்றி மாற்றன்று. பிளாத்திக்குப் பையில் மை ஒட்டுவதற்கும் அதன் மேற்பரப்பை மின்னிறக்கத்தால் பதப்படுத்துவர். குசராத்துக் காந்திநகர்ப் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தார், வழுக்கும் அங்கோரா முயலுரோமத்தை இம்முறையாற் சொரசொரப்பாக்கி நூற்க வழி கண்டனர்.

சாஹா 1923இல் அலகாபாத்திற் பேராசிரியரானார். 1927இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பன்முறை முன்மொழியப்பட்டும் அது கிட்டவில்லை. 1938இல் கல்கத்தா திரும்பி அணுக்கரு ஆய்வுக்கு நிலையம் அமைத்தார். 1952இல் தேர்தலில் நின்று பாராளுமன்றம் புகுந்தார். 1956 பெப்ரவரி 16ஆம் நாள், டில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்கு நடந்து செல்கையில் மாரடைப்பால் வீழ்ந்து உயிர்நீத்தார். அவர் தலைமையிலான குழு வகுத்த இந்தியத் தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தது.