ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ஜி. டி. நாயுடு என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறார். பேருந்துப் போக்குவரத்து, மின்சார மோட்டார், வானொலி, மின் சவரக்கத்தி, தானுந்து, வேளாண்மை, தொழிற்கல்வி ஆகிய துறைகளில் ஈடுபட்டவர். முறையான கல்வி அதிகம் பெறாத இவர், இயந்திரங்களை வாங்கிச் சேர்த்து, அவற்றைப் பிரித்துப் பார்த்தே தொழில்நுட்பத்தைக் கற்றார். இவரது சேகரிப்பு ஆர்வத்தின் தொடர்ச்சியே கோயம்புத்தூரில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகம் ஆகும்.

பிறப்பும் இளமையும்

நாயுடு, சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பள்ளிப்படிப்பில் நாட்டம் இல்லாமல் தொடக்க வகுப்புகளிலேயே படிப்பை நிறுத்திக்கொண்டார். இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதனை வாங்கும் நோக்கத்துடன் கோயம்புத்தூர் உணவு விடுதி ஒன்றில் பணியாளராகச் சேர்ந்து பணம் சேமித்தார். வாங்கிய வண்டியைத் தனித்தனிப் பாகங்களாகக் கழற்றி, மீண்டும் பொருத்திப் பார்த்தார். ஓர் இயந்திரத்தை உடைமையாக்கிக் கொள்வதும் அதன் உள்ளமைப்பை அறிவதும் இவருக்கு ஒன்றாகவே இருந்தன எனலாம்.

பின்னர்ப் பஞ்சு வணிகத்தில் ஈடுபட்டார். முதல் உலகப்போர்க் காலத்தில் பொருள் ஈட்டினாலும், பம்பாய் பஞ்சுச் சந்தையில் பெரும் இழப்பைச் சந்தித்து ஊர் திரும்பினார்.

பேருந்துத் தொழில்

கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த இராபர்ட் ஸ்டேன்சின் உதவியுடன் நாயுடு ஒரு பேருந்தைப் பெற்றார். 1920 இல் அதனைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இத்தொழில் வளர்ந்து யுனைவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு. எம். எஸ்.) என்ற நிறுவனமாயிற்று. பயணச்சீட்டு வழங்கும் கருவி, வண்டியின் அதிர்வை அளக்கும் கருவி முதலியவற்றை இவர் உருவாக்கினார். பேருந்துகளை நாள்தோறும் இயக்கிப் பழுதுபார்த்த அனுபவமே இவற்றுக்கு அடிப்படை.

கண்டுபிடிப்புகள்

1930களில் நாயுடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பயணம் செய்து தொழிற்சாலைகளைப் பார்வையிட்டார். ஒளிப்படக் கலையிலும் ஈடுபாடு கொண்ட இவர், 1936 இல் இலண்டனில் நடைபெற்ற மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். உலர் மின்கலத்தில் இயங்கும் இவரது ரசந்த் சவரக்கத்தி வெளிநாட்டினரின் கவனத்தைப் பெற்றது. 1937 இல் து. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே மின்சார மோட்டார் தயாரிக்கும் முயற்சியில் வெற்றி பெற்றார். குறைந்த விலை வானொலிப் பெட்டிகளையும் தயாரித்தார். பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆய்வுகள் மேற்கொண்டார்.

தொழிற்கல்வி

1945 இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரி தோன்றுவதற்கு நாயுடு காரணமாக இருந்தார். இது பிற்காலத்தில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. பொறியியல் கல்விக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, செய்முறைப் பயிற்சி மிகுந்த இரண்டு ஆண்டுகளே போதும் என்பது இவரது கருத்தாகும். அரசு இதனை ஏற்காததால் அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

விற்பனைக்கு வராத தானுந்து

1952 இல் நாயுடு இருவர் அமரக்கூடிய பெட்ரோல் தானுந்து ஒன்றை உருவாக்கினார். அதன் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். எனினும் உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்காததால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

1951 ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி, முக்கியத் தொழில்களைத் தொடங்க நடுவண் அரசின் உரிமம் தேவைப்பட்டது. அந்நியச் செலாவணியைச் சேமிப்பதும் உள்நாட்டு உற்பத்தியை வளர்ப்பதும் அரசின் நோக்கங்களாக இருந்தன. உதிரிப் பாகங்களை இறக்குமதி செய்து பொருத்திவந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் 1950களின் நடுப்பகுதிக்குள் இந்தியாவை விட்டு நீங்கின. உரிமம் பெற்ற சில நிறுவனங்களே எஞ்சின.

பழைய தானுந்துகளைப் புதுப்பிப்போர், அவை வெளிவந்த காலத்து விலைப்பட்டியல், விற்பனைக் கையேடு, விளக்கு, ஒலிப்பான் போன்றவற்றைத் தேடிச் சேர்க்கின்றனர். வண்டியின் மூல நிறத்தையும் துணைக்கருவிகளையும் உறுதிசெய்ய இவையே சான்றுகளாகும். கடைக்கு வராத வண்டி இத்தகைய தடங்களை விட்டுச்செல்வதில்லை.

எதிர்ப்பு

அதிக வரிவிதிப்பும் உரிமக் கட்டுப்பாடுகளும் கண்டுபிடிப்பாளர்களை முடக்குவதாக நாயுடு கருதினார். 1950களில் தாம் தயாரித்த பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்புத் தெரிவித்தார். வாழ்நாள் முழுவதும் இயந்திரங்களைச் சேர்த்துப் பேணிய ஒருவர் தம் கைவேலையைத் தாமே அழித்தது குறிப்பிடத்தக்கது. அரசின் கொள்கை இதனால் மாறவில்லை.

சேகரிப்பும் அருங்காட்சியகமும்

நாயுடு தாம் உருவாக்கியவற்றையும் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்த கருவிகளையும் மாணவர்கள் பார்த்துக் கற்கும் பொருட்டு 1967 இல் தொழிற் கண்காட்சி ஒன்றை ஏற்படுத்தினார். இவரும் இவருடைய மகன் ஜி. டி. கோபாலும் சேர்த்த தானுந்துகளைக் கொண்டு, 2015 இல் அவினாசி சாலையில் ஜிடி கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1886 ஆம் ஆண்டின் பென்சு மூவுருளி வண்டியின் மாதிரி உட்படப் பல வண்டிகள் இங்கு உள்ளன.

பிற்காலம்

1991 இன் புதிய தொழிற்கொள்கையைத் தொடர்ந்து 1993 இல் தானுந்து உற்பத்திக்கான உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன்பின் திருப்பெரும்புதூர் - ஒரகடம் வட்டாரம் தானுந்துத் தொழிலின் பெருமையமாக வளர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் தொழிற்சாலை 2010 இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மலிவு விலைத் தானுந்து தயாரிக்க நாயுடு முயன்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே இத்தகைய வாய்ப்பு ஏற்பட்டது.

நினைவு

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 10 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் கட்டப்பட்ட உயர்மட்டப் பாலத்திற்கு ஜி. டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. இப்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது.