கிருமியைத் தேடிச் சென்ற நொகுச்சி

ஜப்பானிய விஞ்ஞானி ஹிதேயோ நொகுச்சி 1876-ல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் நெருப்பில் விழுந்து இடக்கை விரல்கள் ஒட்டிக்கொண்டன. கையைச் சீராக்கிய ரண சிகிச்சையே அவருக்கு வைத்தியத்தில் ஆசையை ஊட்டிற்று. 1900-ல் அமெரிக்கா சென்றார். ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் புகழ் பெற்றார்.

1918-ல் ஈக்வடார் நாட்டின் குவயாகில் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. உடல் மஞ்சளித்து, கறுப்பாக ரத்த வாந்தி எடுத்து மக்கள் மாண்டனர். சில நோயாளிகளின் ரத்தத்திலிருந்து சுருள் வடிவக் கிருமி ஒன்றை நொகுச்சி பிரித்தெடுத்தார். அதுவே காரணம் என்று அறிவித்தார்; தடுப்பு மருந்தும் செய்தார். உண்மையில் அது எலிக்காய்ச்சல் கிருமி!

1927-ல் லாகோஸில் அட்ரியன் ஸ்டோக்ஸ் குழுவினர் மஞ்சள் காய்ச்சல் நோயாளியின் ரத்தத்தை இந்தியக் குரங்குகளுக்குச் செலுத்தினர். குரங்குகள் நோயுற்றன. நுண்ணிய வடிகட்டியில் வடித்த ரத்தமும் நோய் தந்தது. நொகுச்சியின் கிருமியோ அதில் இல்லை. காரணம் வைரஸ் என்று தெளிவாயிற்று. ஸ்டோக்ஸும் அந்நோய்க்கே பலியானார்.

நொகுச்சி வாளாவிருக்கவில்லை. தம் முடிவைத் தாமே சோதிக்க அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிரிக்காவின் அக்ரா நகருக்குச் சென்றார். அங்கே அதே காய்ச்சல் அவரையும் பற்றியது. 1928 மே 21-ல், 51-வது வயதில் மாண்டார்.

லாகோஸ் குழு பிரித்த அந்த வைரஸிலிருந்தே 1937-ல் மாக்ஸ் தைலர் தடுப்பு மருந்து கண்டார். இன்றும் மக்களைக் காப்பது அதுவே.