அண்ணல் அம்பேத்கரும் வாக்குரிமையும்

அரசியல் சட்டத்தை வகுத்த மேதை அண்ணல் அம்பேத்கர் என்பதை நம் இளைஞர் அனைவரும் அறிவர். எந்த நோக்கத்தோடு அவர் அப்பணிக்குச் சென்றார் என்பதை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுக் கூற விழைகிறோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவ முகாமில் சுபேதார் இராம்ஜியின் மகனாகப் பிறந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலண்டனிலும் பயின்று உயர் பட்டங்கள் பெற்றார்.

அக்காலத்தில் சொத்தோ, வரியோ, படிப்போ உடையவர்க்கே வாக்குரிமை இருந்தது. 1919இல் சௌத்பரோ குழுவின் முன் தோன்றித் தீண்டப்படாதோர்க்கு வாக்குத் தகுதியைத் தளர்த்துமாறு கேட்டார். 1928இல் சைமன் குழுவின் முன் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றார். இத்துணைக் கற்றவர் கல்வியையே தகுதியாக வைக்கக் கேட்டிருக்கலாமே என்று, கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எமக்குத் தோன்றியதுண்டு. அவரோ வாக்களிப்பதே ஒரு கல்வி என்று கருதினார். பள்ளிக் கதவை அடைத்தவர்களே, படிக்காதவனுக்கு வாக்கில்லை என்று சொல்வது எங்ஙனம் நீதியாகும்?

1946இல் அரசியல் நிர்ணய சபைக்குச் செல்லப் பம்பாயில் வழி இல்லாமற் போயிற்று. யோகேந்திரநாத் மண்டல் முதலியோர் துணையால் வங்காளத்திலிருந்து தேர்வு பெற்றார். தாழ்த்தப்பட்டோரின் உரிமைகளைக் காப்பதைத் தவிர வேறு பெரிய நோக்கம் எதுவும் தமக்கு அப்போது இல்லை என்று பின்னர் அச்சபையிலேயே ஒளிக்காமல் கூறினார். பிரிவினையால் அவ்விடம் பறிபோயிற்று. முன்பு எதிர்த்த காங்கிரசாரே பம்பாயிலிருந்து அவரை அனுப்பினர். 1947 ஆகஸ்டு 29 அன்று அமைந்த வரைவுக் குழுவுக்கு அவரே தலைவரானார்.

தம் மக்களுக்கெனச் சென்றவர் நாட்டு மக்கள் அனைவருக்கும் சட்டம் வகுத்தார். வரைவின்மீது 7,635 திருத்தங்கள் அளிக்கப்பட்டன. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 326ஆம் பிரிவு வயது வந்த ஆண் பெண் யாவர்க்கும் வாக்களித்தது. ஆயினும் அவர் மனநிறைவு கொண்டாரல்லர். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளியல் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் ஒருங்கே நில்லா என்று 1949 நவம்பர் 25 அன்று சபையை எச்சரித்தார்.

1951-52 பொதுத் தேர்தலில் சுமார் 17 கோடிப் பேர் வாக்காளராயினர். அன்று ஐவரில் ஒருவர்கூட எழுத்தறிந்தவர் அல்லர். அத்தேர்தலில் வட பம்பாயில் நின்ற அண்ணல் தோற்றார். மாநிலங்களவைக்குச் சென்றார், எனினும் 1954இல் பண்டாரா இடைத்தேர்தலில் மீண்டும் மக்களிடமே வாக்குக் கேட்டு நின்றார். அங்கும் வெற்றி கிட்டவில்லை.