வாண்டா ருத்கேவிச்

வாண்டா ருத்கேவிச் (பெப்ரவரி 4, 1943 – மே 1992) போலந்து நாட்டைச் சேர்ந்த மலையேறுநர் ஆவார். உலகின் இரண்டாவது உயரமான மலையாகிய கே2-இன் உச்சியை அடைந்த முதற் பெண் இவரே. எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய மூன்றாவது பெண்ணும், முதல் ஐரோப்பியப் பெண்ணும் ஆவார். 8,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள் உலகில் 14 உள்ளன. இமயமலை, காரகோரம் ஆகிய தொடர்களில் அமைந்த இம்மலைகளுள் எட்டில் இவர் ஏறினார். பெண்கள் ஆண்களின் துணையின்றித் தாமே தலைமையேற்று ஏறுதல் வேண்டும் என்பது இவரது கொள்கையாகும்.

இளமை

ருத்கேவிச் லித்துவேனியாவிலுள்ள புளுங்கே நகரில் போலந்துக் குடும்பமொன்றில் பிறந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவரது குடும்பம் போலந்தின் விரோத்சுவாஃப் நகருக்குக் குடிபெயர்ந்தது. போரில் வெடிக்காது எஞ்சிக் கிடந்த வெடிபொருள் ஒன்று வெடித்ததில் இவரது அண்ணன் சிறு வயதிலேயே இறந்தார். ருத்கேவிச் விரோத்சுவாஃப் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயின்று பொறியியலாளரானார். கைப்பந்தாட்டத்திலும் சிறந்து விளங்கினார். 1961-இல் பாறையேற்றத்தில் ஈடுபடத் தொடங்கினார்.

பெண்கள் குழுக்கள்

1970-இல் 7,134 மீட்டர் உயரமுள்ள லெனின் சிகரத்திலும், 1972-இல் இந்துகுஷ் தொடரின் நோசாக் சிகரத்திலும் ஏறினார். 1973-இல் இவரும் வேறு இரு பெண்களும் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையில் வடக்குத் தூண் வழியாக ஏறினர்.

1975-இல் காரகோரத்திற்குச் சென்ற போலந்துப் பெண்கள் குழுவிற்கு ருத்கேவிச் தலைமை தாங்கினார். அதுவரை எவரும் ஏறியிராத சிகரங்களுள் மிக உயரமானதாக இருந்த காசர்பிரம் III மீது, மற்றொரு பெண்ணுடனும் இரு ஆண்களுடனும் முதன்முதலாக ஏறினார். அதே பயணத்தில் குழுவைச் சேர்ந்த இரு பெண்கள், ஆண்கள் எவரும் உடன் வராமலே காசர்பிரம் II சிகரத்தை எட்டினர். ருத்கேவிச்சின் தலைமை கடுமையானது என உடன் ஏறிய சிலர் குறைகூறியதும் உண்டு.

எவரெஸ்ட்

அக்டோபர் 16, 1978 அன்று செருமானிய-பிரெஞ்சுக் குழுவுடன் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். போலந்து நாட்டவருள் அதனை முதலில் எட்டியவர் இவரே. அதே நாளில்தான் போலந்தைச் சேர்ந்த கரோல் வொய்த்திவா, இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் என்னும் பெயருடன் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1979-இல் திருத்தந்தை போலந்துக்கு வந்தபோது, எவரெஸ்ட்டிலிருந்து எடுத்துவந்த கல் ஒன்றை அவருக்கு ருத்கேவிச் வழங்கினார்.

கே2

1981-இல் எல்பிரஸ் மலையில் நேர்ந்த விபத்தில் இவரது கால் முறிந்தது. எனினும் அடுத்த ஆண்டே கே2-க்குச் சென்ற பெண்கள் குழுவிற்குத் தலைமையேற்று, ஊன்றுகோல்களின் உதவியுடன் பனியாற்றைக் கடந்து அடிவார முகாமை அடைந்தார். அப்பயணத்தில் குழு உறுப்பினர் ஆலினா குரூகர்-சிரோகோம்ஸ்கா உயிரிழந்தார். குழு உச்சியை எட்டவில்லை.

1985-இல் கிறிஸ்தினா பால்மோவ்ஸ்கா, அன்னா செர்வின்ஸ்கா ஆகியோருடன் நங்க பர்வதத்தில் ஏறினார். அம்மலையில் பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஏறியது அதுவே முதன்முறையாகும்.

8,000 மீட்டர் உயரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ஆகும். அங்கு நெடுநேரம் தங்கினால் உடல் தேறாது, நலிந்துகொண்டே செல்லும். ஜூன் 23, 1986 அன்று ருத்கேவிச் ஆக்சிஜன் உருளையின்றிக் கே2 உச்சியை அடைந்தார். உடன் ஏறிய லிலியான் பராரும் அவரது கணவர் மொரிஸ் பராரும் இறங்கும் வழியில் உயிரிழந்தனர். அக்கோடையில் மட்டும் கே2-இல் 13 பேர் இறந்தனர்.

இறுதி ஆண்டுகள்

இதன் பின்னர் சிசாபங்மா (1987), காசர்பிரம் II (1989), காசர்பிரம் I (1990) ஆகியவற்றில் ஏறினார். எஞ்சிய எட்டு மலைகளிலும் ஓராண்டளவில் ஏறிவிடத் திட்டமிட்டு, அதற்குக் கனவுகளின் ஊர்வலம் எனப் பொருள்படும் பெயரிட்டார். ஒரு மலையில் ஏறிப் பழகிய உடல் அப்பழக்கத்தை இழக்குமுன் அடுத்த மலைக்குச் செல்வதே இத்திட்டத்தின் அடிப்படை. ஆனால் இறங்கியபின் ஓய்வெடுக்க அதில் இடமிருக்கவில்லை. 1991-இல் சோ ஓயுவிலும் அன்னபூர்ணாவிலும் ஏறினார். அன்னபூர்ணாவில் தனியே ஏறியதால் சிலர் ஐயம் எழுப்பினர். எனினும் அவ்வேற்றம் பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மே 12, 1992 அன்று 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்சங்கா மலையில் மெக்சிகோவின் கார்லோஸ் கார்சோலியோவுடன் ஏறத் தொடங்கினார். விரைந்து சென்ற கார்சோலியோ உச்சியை அடைந்து திரும்புகையில், 8,000 மீட்டருக்கு மேல் ருத்கேவிச்சைச் சந்தித்தார். உணவோ, அடுப்போ, உறக்கப் பையோ இல்லாத நிலையிலும் ருத்கேவிச் இறங்க மறுத்து, அவ்விடத்திலேயே இரவைக் கழித்து மறுநாள் ஏற முடிவு செய்தார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. உடலும் கண்டெடுக்கப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 49.

பெண்ணொருவர் கஞ்சன்சங்கா உச்சியை எட்டித் திரும்பியது 1998-இலேயே ஆகும். பிரித்தானியாவின் ஜினெட் ஆரிசன் அதனைச் செய்தார். ஆஸ்திரியாவின் கெர்லிண்டே கால்டன்புருன்னர் 14 மலைகளிலும் ஆக்சிஜன் உருளையின்றி ஏறிய முதற் பெண்ணாக 2011-இல் விளங்கினார். அவர் இறுதியாக ஏறிய மலை கே2 ஆகும்.