மாணாக்கர்க்கு இல்லம் அமைத்த வைத்தியர்: டாக்டர் சி. நடேச முதலியார்

பொருளீட்டித் தம் மக்களைக் கற்பித்தோர் உலகிற் பலர். பிறர் மக்களின் கல்வியையும் தம் காரியமாகவே கொண்டு உழைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய டாக்டர் சி. நடேச முதலியாரின் சரித்திரத்தை நமது சமூகத்தார், சிறப்பாகக் கடம்பூர், கோவில்பட்டிப் பகுதியிலுள்ள பெற்றோர், அறிந்திருத்தல் அவசியமாகும்.

இவர் 1875-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் வேளாளர் குடும்பமொன்றிற் பிறந்தார். பட்டம் பெற்றபின் சில காலம் ஆசிரியத் தொழில் புரிந்தார். வர்த்தக நிறுவனமொன்றில் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். பின்னர் அவ்வேலையை விடுத்து மருத்துவம் கற்று, பிறந்த ஊராகிய திருவல்லிக்கேணியிலேயே வைத்தியரானார். வைத்தியத்தால் வந்த வருவாயும் செல்வாக்கும் அவருக்குப் போதுமானவையாயிருந்தும், அவர் மனம் அவற்றோடு நின்றுவிடவில்லை.

அக்காலத்தின் நிலைமையை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகிய உயர்படிப்புகளைக் கற்க விரும்பிய மாணாக்கர் சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்துவிட்டமையால், கரிசற் காட்டில் பருத்தியும் கம்பும் விளைவித்த குடியானவன் மகனும் கடம்பூர் நிலையத்தில் ரயிலேறி, ஏறக்குறைய 600 கிலோமீட்டர் கடந்து சென்னையை அடையக் கூடும். ஆனால் அடைந்தபின் எங்கே தங்குவான்? எங்கே உண்பான்? கலாசாலைக்கு அருகேயிருந்த விடுதிகளும் உணவுச்சாலைகளும் பெரும்பாலும் பிராமணர் வசமிருந்தன. மற்றைச் சாதி மாணாக்கர்க்கு அவற்றில் இடங்கிடைத்தல் அரிது. பரீட்சையில் தேறியவனும் இருக்க இடமின்றி ஊர் திரும்ப நேர்ந்தது. 1914-ஆம் ஆண்டையொட்டிச் சென்னைச் சர்வகலாசாலையில் பதிவுசெய்திருந்த பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பிராமணராயிருந்தனர் என்னும் கணக்கே அந்நிலையை விளக்கும்.

1912-ஆம் ஆண்டில் பிராமணரல்லாத அரசாங்க உத்தியோகஸ்தர் சிலர் கூடிச் சென்னை ஐக்கிய சங்கம் என்பதனை நிறுவினர். நடேச முதலியார் அதன் செயலாளராயிருந்து, எழுத்தறியாத முதியோர்க்குக் கல்வி புகட்டும் பணியை ஊக்கினார். சங்கத்தின் கூட்டங்கள் அவருடைய வைத்தியசாலைத் தோட்டத்திலேயே நடந்தன. பின்னர் அச்சங்கம் திராவிடர் சங்கம் எனப் பெயர் மாறிற்று. புதிதாகப் பட்டம் பெற்றோரை ஆண்டுதோறும் வரவேற்றுப் பாராட்டுவதை அது வழக்கமாகக் கொண்டது. பின்வருவோர்க்கு அஃது எத்துணை ஊக்கம் தந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும் பாராட்டுரையால் பசி நீங்காது என்பதை வைத்தியராகிய அவர் நன்கறிவார். ஆதலின் 1916-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணாக்கர் விடுதியை ஏற்படுத்தினார். வெளியூர்களிலிருந்து வந்த பல சாதி மாணாக்கரும் அங்கே ஒருங்கு தங்கி, ஒருங்கு உண்டு, கலாசாலைகளுக்குச் சென்று கற்றனர். அவர்கள் சொல்வன்மையும் நூலறிவும் பெறுமாறு இலக்கியக் கழகமொன்றும் அவ்வில்லத்தில் நடைபெற்றது. பிற்காலத்தில் சுதந்தர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியாரும், அண்ணாமலைச் சர்வகலாசாலையின் துணைவேந்தரான டி. எம். நாராயணசாமிப் பிள்ளையும் அவ்வில்லத்து மாணாக்கராயிருந்தோரே.

அவ்வாண்டின் நவம்பர் மாதத்தில் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றிற்று. கருத்து வேற்றுமையால் விலகி நின்ற பிட்டி தியாகராயச் செட்டியாரையும் டாக்டர் டி. எம். நாயரையும் ஒன்றுசேர்த்த பெருமையிலும் நடேச முதலியார்க்குப் பங்குண்டு. 1923-ஆம் ஆண்டிற் சட்டசபை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கும் கல்வியிலும் உத்தியோகத்திலும் எல்லா வகுப்பார்க்கும் உரிய இடம் வேண்டுமென்று வாதாடினார். 1937-ஆம் ஆண்டில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவ்வியக்கத்திற் குறையே இல்லையென்று கூறுதல் உண்மையாகாது. அதனால் வந்த பயனை மேல்நிலைச் சாதியாரே மிகுதியும் அடைந்தனர் என்று மனம் வருந்தி, ஒடுக்கப்பட்டோர் தலைவராகிய எம். சி. ராஜா 1923-ஆம் ஆண்டில் அக்கட்சியினின்று விலகினார். கதவைத் திறந்தோரும் சிலர்க்கு அதனைப் பாதியே திறந்தனர் என்பதும் நமக்கு ஒரு பாடமாம்.

அன்பர்களே! இன்று கலாசாலை நமக்குத் தொலைவில் இல்லை, கோவில்பட்டியிலேயே உண்டு. ஆயினும் பிளஸ் டூ தேறிய பிள்ளை எப்படிப்பிற் சேரலாம், எந்நாளுக்குள் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும், சாதிச் சான்றிதழும் முதற் பட்டதாரிச் சான்றிதழும் எங்கே பெறுவது, அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு மருத்துவத்தில் 2020 முதல் வழங்கப்படும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டிற்குத் தகுதி யாது என்பவற்றை, தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் மானாவாரிக் காட்டிலும் உழைக்கும் தாய்தந்தையர் எவ்வாறு அறிவர்? அன்று தங்க இடமின்றித் திரும்பினான். இன்று நாள் கடந்தமையால் திரும்புகிறான். இழப்பு ஒன்றே.

நமது சங்கம் பரிசும் உபகாரச் சம்பளமும் வழங்குவது நன்றே. அதனோடு, மே மாதந்தோறும் கற்றறிந்த நம்மவர் சிலர் கடம்பூரில் ஓரிடத்தில் அமர்ந்து, விண்ணப்பம் எழுதுவதற்கும் படிப்பைத் தேர்வதற்கும் உதவுதல் வேண்டும். அங்கு வரும் பிள்ளை நம் குலத்தவனா என்று வினவுதல் வேண்டா. தெற்குத் தெருப் பிள்ளையும் வடக்குத் தெருப் பிள்ளையும் ஒரே பள்ளியிற் பயின்று, ஒரே பரீட்சை எழுதியவர்களே. சாதிச் சங்கம் பிற சாதிப் பிள்ளைக்கு ஏன் உதவவேண்டுமென்று கேட்போரும் நம்மிடையே உண்டு. அவர்கட்கு நாம் கூறும் விடை நடேச முதலியாரின் வாழ்க்கையே. அவர் தம் இல்லத்தை வேளாளர்க்கென்று மட்டும் அமைத்திருந்தால், அது நூற்றுக்கணக்கான விடுதிகளுள் ஒன்றாய் மறக்கப்பட்டிருக்கும். பலர்க்கும் அமைத்தமையாலேயே நூறாண்டு கடந்தும் நாம் அவரை நினைக்கின்றோம். அவர் பாதியளவு திறந்த கதவை முழுதும் திறத்தலே நாம் அவர்க்குச் செய்யும் நன்றிக்கடனாம்.