நோயிலும் நெறி காத்த சுவாமி சமந்தபத்திரர்

தொண்டை மண்டலத்தின் தலைநகராய் விளங்கிய காஞ்சி மாநகர், பட்டுக்கும் கோயில்களுக்கும் மட்டுமன்றிக் கல்விக்கும் வாதத்திற்கும் பெயர் பெற்றது. அதன் மேற்கே திருப்புட்குழி, யாதவப் பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்ட ஊராகப் போற்றப்படுகிறது. வேகவதி ஆற்றங்கரையில் ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம், திரைலோக்கியநாதர் ஆலயத்தையும் சந்திரப்பிரபர் ஆலயத்தையும் தாங்கி நிற்கிறது. பல சமயத்தாரும் ஒருவரோடொருவர் வாதிட்டும் ஒருவரிடம் ஒருவர் கற்றும் வாழ்ந்த இப்பகுதியோடு அழியாத தொடர்பு கொண்ட சமண ஆசாரியப் பெருமகனார் சுவாமி சமந்தபத்திரர்.

நம் இல்லங்களில் விளக்கேற்றும் பொழுதுக்கு முன்பே உணவை முடித்து, அட்டமி சதுர்த்தசி நாள்களில் நோன்பிருந்து, அருகப்பெருமான் திருநாமத்தை நாவில் தாங்கி வாழ்ந்த பாட்டிமார் பலர். முதுமையில் நீங்காத நோய் வந்து, மருத்துவர் வேளை தவறாமல் உண்ண வேண்டும் என்று கூறும்போது, அவர்களை நோயினும் மிகுதியாக வருத்துவது நோன்பு தவறுகிறதே என்னும் எண்ணம்தான். அத்தகைய மனத்துயரை அனுபவித்து அறிந்தவர் சமந்தபத்திரர். அவருடைய வரலாற்றை நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் ஒருசேர அறிந்திருத்தல் நலம்.

சமந்தபத்திரர் கி.பி. 2ஆம் நூற்றாண்டினர் என்பது மரபு. ஆய்வாளர் சிலர் அவரைச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டவராகக் கருதுவர். அவர் இயற்றிய ஆப்த மீமாம்சையின் பழஞ்சுவடி ஒன்றன் இறுதிக் குறிப்பு, அவரைப் பணிமண்டலத்து உரகபுர மன்னனின் மைந்தர் என்று கூறுகிறது. அந்த உரகபுரமே சோழர் தலைநகராகிய உறையூர் என்று கொள்வாரும் உளர். ஸ்துதி வித்தை என்னும் நூலின் இறுதிச் செய்யுளில் சித்திரக்கவியாக மறைந்துள்ள சாந்திவர்மன் என்பதே அவருடைய இயற்பெயர் என்பர். அரச குலத்தில் பிறந்தும் இளமையிலேயே அனைத்தையும் துறந்து திகம்பர தீட்சை ஏற்றார். ஆகமங்களிலும் தருக்கத்திலும் இலக்கணத்திலும் தோய்ந்த புலமையும், கடுந்தவமும் ஒருங்கே அமைந்த முனிவராய்த் திகழ்ந்தார்.

அந்நிலையில் அவரைப் பற்றியது பஸ்மக வியாதி. வயிற்றுத் தீ அளவின்றி வளர்ந்து, உண்டதையெல்லாம் நொடியில் எரித்து, உணவு கிடைக்காதபோது உடலின் தாதுக்களையே தின்னும் நோய் என்று மருத்துவ நூல்கள் இதனைக் கூறுகின்றன. நெய்யும் பாலும் இனிப்பும் கலந்த, எளிதில் செரியாத உணவை மிகுதியாகவும் அடிக்கடியும் கொடுப்பதே இதற்குரிய மருத்துவம். திகம்பர முனிவரோ பகலில் ஒரே ஒரு வேளை, நின்ற நிலையில், தம் இரு கைகளையே கலமாகக் கொண்டு உண்பவர். எனக்கு இதைச் சமைத்துக் கொடுங்கள் என்று அவர் கேட்கலாகாது. இடையூறு நேர்ந்தால் அன்றைய உணவையே கைவிட வேண்டும். நோய் வேண்டியதை விரதம் தடுத்தது. விரதத்தைப் பேணினால் உடல் அழியும். உடலைப் பேணினால் விரதம் அழியும். இந்த இருதலைத் துன்பத்தில் அவர் அகப்பட்டார்.

நோயைப் பொறுத்துக்கொண்டே சில காலம் தவத்தைத் தொடர்ந்தார். உடல் மெலிந்து, ஆவசியகக் கடமைகளும் தடைப்படலாயின. விரதத்தைக் கெடுத்து வாழ்வதைவிடச் சல்லேகனை ஏற்று உடலை விடுவதே தக்கது என்று துணிந்தார். குருவை அணுகி, அதற்கு அனுமதி வேண்டினார்.

குரு இசையவில்லை. சீடருடைய ஆயுள் இன்னும் நெடியது என்பதையும், அவரால் அறநெறிக்கு ஆகவேண்டிய பெரும்பணி காத்திருக்கிறது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். தீரக்கூடிய நோய்க்காக உடலைத் துறத்தல் சல்லேகனை ஆகாது. ஆகவே துறவுக் கோலத்தைத் தற்காலிகமாக விட்டு, வேண்டிய உணவை உண்டு நோயைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் முறைப்படி பிராயச்சித்தம் ஏற்று மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார். உயிரினும் மேலாகப் போற்றிய கோலத்தைக் களைவது சமந்தபத்திரருக்கு இறப்பினும் கொடிதாய் இருந்தது. கண்ணீருடன் குருவின் ஆணையை ஏற்றார் என்று கதைகள் கூறும். தவம் செய்வதற்கு வேண்டிய மனவலிமையைவிட, நோயுற்றேன் என்பதை ஒப்புக்கொண்டு மருந்துண்பதற்கு வேண்டிய மனவலிமை சில வேளைகளில் பெரிதாகும் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

அதன்பின் அவர் வேறு வேறு கோலங்களில் ஊர் ஊராகச் சென்றார். இறுதியில் சிவகோடி மன்னனின் நகரை அடைந்தார். வடமொழிக் கதைக்கோவைகள் அந்நகரை வாராணசி என்கின்றன. கன்னட நூலாகிய இராஜாவளி கதை அதனைக் காஞ்சி என்றும், கோயிலைப் பீமலிங்கக் கோயில் என்றும் குறிப்பிடுகிறது. அங்கு நாள்தோறும் பெருமளவில் அன்னம் படைக்கப்பட்டு வந்தது. அந்த அன்னம் முழுவதையும் இறைவனே ஏற்கும்படி செய்வதாகச் சமந்தபத்திரர் மன்னனுக்கு உறுதி கூறினார். கதவை அடைத்துக்கொண்டு, படையல் அனைத்தையும் தாமே உண்டார். திறந்து பார்த்தவர்கள் வியந்தனர். மன்னன் மகிழ்ந்து, நாள்தோறும் மேலும் சிறந்த உணவை அனுப்பினான்.

தக்க உணவு தொடர்ந்து கிடைத்தமையால் நோய் தணியத் தொடங்கியது. படையலில் மிச்சம் வந்தது. நாள் செல்லச் செல்ல மிச்சம் பெருகியது. ஐயமுற்ற மன்னன் மறைந்திருந்து உண்மையை அறிந்தான். சினங்கொண்டு, சிவலிங்கத்தை வணங்குமாறு ஆணையிட்டான். நோய் நீங்கிய சமந்தபத்திரரிடம் அச்சமும் இல்லை. மறைப்பதற்கும் இனி எதுவும் இல்லை. குற்றங்கள் பதினெட்டும் நீங்கிய வீதராகரை அன்றிப் பிறரை வணங்காத தம் உறுதியை அவர் வெளியிட்டார். அங்கேயே நின்று, இடபதேவர் முதலாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் துதிக்கத் தொடங்கினார். எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரபரைத் துதித்தபோது, நிலவொளி பரவ அப்பெருமானின் திருவுருவம் அங்கு வெளிப்பட்டது என்பது வரலாறு. அவர் திகைத்து நின்றுவிடாமல், மகாவீரர் ஈறாகத் துதியை நிறைவு செய்தார். அதுவே 143 செய்யுள்கள் கொண்ட சுயம்பு தோத்திரம். தாம் யார் என்பதையும், நோயால் நேர்ந்தவற்றையும் மன்னனிடம் ஒளிக்காமல் எடுத்துரைத்தார். சிவகோடி சினம் தணிந்து, பின்னர் அரசையே துறந்து அவருக்குச் சீடனானான். சமந்தபத்திரர் குருவிடம் மீண்டு, பிராயச்சித்தம் ஏற்று, மறுபடியும் முனிவரானார்.

இந்நிகழ்ச்சி கல்லிலும் இடம்பெற்றுள்ளது. சரவணபெளகொளாவில் சக ஆண்டு 1050இல், அதாவது கி.பி. 1129இல் பொறிக்கப்பட்ட மல்லிசேணர் பிரசஸ்தி, பஸ்மக நோயை எரித்தவர் என்றும், பத்மாவதி தேவியால் உயர்பதம் பெற்றவர் என்றும், தம் மந்திர மொழியால் சந்திரப்பிரபரை வெளிப்படச் செய்தவர் என்றும் அவரைப் போற்றுகிறது. பாடலிபுத்திரம், மாளவம், சிந்து, காஞ்சி முதலிய இடங்களில் வாதமுரசு அறைந்து வென்ற அவருடைய பயணத்தையும் அக்கல்வெட்டு கூறுகிறது. குரு முன்னுணர்ந்த பெரும்பணி இவ்வாறு நிறைவேறியது.

அவருடைய ஆப்த மீமாம்சை 114 காரிகைகள் கொண்டது. வானவர் வருகை, சாமரை முதலிய சிறப்புகளுக்காக அன்று, குற்றமின்மைக்காகவும் அறிவுக்கு முரண்படாத உபதேசத்திற்காகவுமே இறைவனை ஏற்க வேண்டும் என்பது அதன் துணிபு. அகளங்கதேவர் அதற்கு அட்டசதி என்னும் உரையையும், வித்தியானந்தர் அட்டசகஸ்ரீ என்னும் பேருரையையும் எழுதினர். யுக்தியனுசாசனம் மகாவீரரின் நெறியைத் தருக்க வழியில் நிறுவுவது.

இல்லறத்தார்க்கு அவர் அளித்த கொடை 150 செய்யுள்கள் கொண்ட இரத்தினகரண்டக சிராவகாசாரம். அதன் வழியில் தமிழில் எழுந்ததே நம் இல்லங்களில் பயிலும் அருங்கலச்செப்பு. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளைப் பொதிந்து வைத்த பேழை என்பதே இரு பெயர்களின் பொருளும் ஆகும்.

நோயறிந்த நெஞ்சம் எழுதிய நூல் அது என்பதை அதனைக் கற்போர் உணரலாம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்று, மும்மணிகளால் தூயவரான முனிவரின் உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமை. அதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயன மன்னன் கூறப்படுகிறான். தொழுநோயாளியான முனிவர் தன்மீது உமிழ்ந்தபோதும் முகஞ்சுளிக்காமல், தன் உணவில்தான் குறை நேர்ந்ததோ என வருந்தி, அவரைத் துடைத்துத் தூய்மை செய்தவன் அவன். தவத்தோரின் இடர் களைந்து, அவர்தம் கால்களை வருடிப் பணிசெய்தலை வையாவிருத்தியம் என்னும் விரதமாகவே சமந்தபத்திரர் வகுத்தார். வழிபாட்டின் பயனுக்கு அவர் காட்டிய சான்று, இராசகிருகத்தில் ஒரேயொரு மலருடன் இறைவனை நாடிச் சென்ற தவளை. பெரிய பூசை செய்ய இயலாதவர்க்கும், படுக்கையிலிருந்தே கைகூப்புவோர்க்கும் அத்தவளையின் கதை பெருந்துணை.

சல்லேகனையையும் அவரே தெளிவாக வரையறுத்தார். தீர்க்கவியலாத இடையூறு, பஞ்சம், முதுமை, நோய் ஆகியவை வந்துற்றபோது, அறத்தின் பொருட்டு உடலை விடுவதே அது. தீர்க்கவியலாதது என்னும் அந்த வரம்பு மிகவும் முதன்மையானது. ஒருகாலத்தில் தீரக்கூடிய நோயில் இறப்பை விரும்பிக் குருவால் தடுக்கப்பட்டவர், தாம் பெற்ற பாடத்தைப் பின்வந்தோர்க்கு நெறியாக்கித் தந்தார்.

இல்லத்து முதியோர் நோயுற்று நோன்பிருக்க இயலாமல் வருந்தும்போது, ஆற்றலுக்கு ஏற்ற தவமே அருகனெறி கூறும் தவம் என்பதையும், பேராசாரியரே குருவின் சொற்படி உணவை மருந்தாக உண்டு மீண்டவர் என்பதையும் இளையோர் அருகிலிருந்து எடுத்துரைக்க வேண்டும். அவர்தம் கைக்கு ஒரு மலரும், செவிக்குச் சுயம்பு தோத்திரத்தின் ஒலியும் நாள்தோறும் கிடைக்கச் செய்தல் பேரர் பேத்தியரின் கடமை. நோயாளியைப் பேணும் அப்பணியில் முகஞ்சுளிக்காதிருத்தல் நற்காட்சியின் பயிற்சி. திருப்பருத்திக்குன்றத்துச் சந்திரப்பிரபர் சன்னதியில் நின்று வணங்கும் ஒவ்வொரு குடும்பமும், நோயிலும் நெறி காத்து நோய் தீர்ந்தபின் உலகுக்கு ஒளி தந்த சுவாமி சமந்தபத்திரரை நன்றியுடன் நினைவுகூர்வதாக.

அறம் வெல்க! அருகன் திருவடி வாழ்க!