சேமக்கலம் கண்ட காஸ்தோன் பிளாந்தே

சென்ற பொங்கல் விடுமுறையில் நாம் கரியமாணிக்கத்திற்குச் சென்றிருந்தபோது, நெல் அறுத்து வெறுமையாய்க் கிடந்த வயலொன்றில் இளைஞர் சிலர் தாமே இழைத்துச் செய்த சிறு ஆகாய விமானமொன்றை வானொலி அலையால் ஏவி ஓட்டிக்கொண்டிருந்தனர். அதனை ஏவும் டிரான்ஸ்மிட்டரைச் சிறிது நேரம் நம் கையில் தந்தனர். விமானம் பனைமரங்களுக்கு மேலே அழகாய் வட்டமிட்டது. மூன்றாம் வட்டத்தில் அது நம் சொல்லைக் கேட்கவில்லை. டிரான்ஸ்மிட்டரின் விளக்கு அணைந்திருந்தது. விமானம் அடுத்திருந்த கரும்புக் கொல்லையில் தலைகீழாய் விழுந்தது. இருட்டும் வரையில் அதைத் தேடினோம். டிரான்ஸ்மிட்டருக்குள் இருந்த பாட்டரிக்குத் தீபாவளிக்கு முன் மின்னேற்றிய பிறகு எவரும் அதனைத் தொடவில்லையென்பது பின்னரே தெரிந்தது. நிரப்பி வைத்த குடம் நிரம்பியே இருக்குமென்று அவர்களும் எண்ணினர், நாமும் எண்ணினோம்.

இவ்வாறு நிரப்பவும், வெறுமையாக்கவும், மீண்டும் நிரப்பவும் கூடிய மின்கலத்தை முதன்முதல் பயனுறச் செய்தளித்தவர் யாவரென்று வீடு திரும்பும் வழியில் வினவினோம். ஒருவருக்கும் தெரியவில்லை. 1954 வரையில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஊரில் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் மறந்துபோயிருந்தது நமக்கு வியப்பாயிற்று. ஆதலின் அவர் சரிதத்தை இங்கே சுருக்கமாய்க் கூற முற்படுகின்றோம்.

காஸ்தோன் பிளாந்தே என்பார் 1834-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ந் தேதி, பிரான்சின் தென்மேற்கிலே பிரனீஸ் மலைகளுக்கு அண்மையிலுள்ள ஓர்த்தே என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவருக்குப் பின் பிறந்த பிரான்சிஸ் பிளாந்தே பியானோ வாத்தியத்திற் பெரும்புகழ் பெற்றவர். அந்நாளில் பிளாந்தே என்றால் ஊரார் தம்பியையே நினைத்திருத்தல் கூடும். தமையனாரோ 1854-இல் பாரீஸ் நகரத்துக் கலைத்தொழிற் கழகத்தில் பௌதிகப் பேராசிரியருக்கு உதவியாளராய் அமர்ந்தார். மறு ஆண்டிலேயே அந்நகரையடுத்த மெதோன் என்னுமிடத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த பறவையொன்றின் எலும்பினைக் கண்டெடுத்தார். மனிதனளவு உயரமும் பறக்கவியலாத உடலும் உடைய அப்பறவைக்கு அறிஞர் இவர் பெயராலேயே காஸ்தோர்னிஸ் எனப் பெயரிட்டனர். பறவாத பறவையொன்றும், பறக்கும் பொறிகளுக்கு உயிரளிக்கும் மின்கலமொன்றும் ஒருவர் பெயரையே சார்ந்து நிற்பது வேடிக்கையன்றோ?

அக்காலத்தில் மின்சாரம் வேண்டுவோர் திராவகமும் உலோகமும் கொண்ட கலங்களையே நம்பியிருந்தனர். கலத்திலுள்ள துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் மின்சாரமும் தீரும், புதுத்தகடு வாங்கவேண்டும். திராவகத்தினூடே மின்சாரம் செலுத்திப் பின் நிறுத்தினால், அதிலுள்ள தகடுகளினின்று சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓர் ஓட்டம் எழுதலை ஜெர்மானியராகிய ரிட்டர் முதலியோர் முன்னரே கண்டிருந்தனர். அதனை ஒரு தொல்லையாகக் கருதியோரே பலர். பிளாந்தே அத்தொல்லையையே ஆராயத் தொடங்கினார். பற்பல உலோகங்களைச் சோதித்து, காரீயமே அவ்வெதிரோட்டத்தை மிக வலிவாகவும் நெடுநேரமும் தருவதென்று தெளிந்தார். 1859-இல் இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாவண்ணம் இடையே ரப்பர் வார்களை வைத்து, பாயைச் சுருட்டுவதுபோற் சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் நிறுத்தினார். சேமக்கலம் பிறந்தது. 1860 மார்ச்சு மாதத்தில் இத்தகைய ஒன்பது கலங்கள் கொண்ட பெட்டியொன்றைப் பாரீஸ் விஞ்ஞானக் கழகத்தார் முன் வைத்தார்.

இதுவரையிற் கூறியதைப் பாடநூல்களிலும் காணலாம். ஆனால் நம் கருத்தில் அவருடைய மேன்மை தகட்டைச் சுருட்டியதில் இல்லை. புதிதாகச் செய்த காரீயக் கலம் மிகச் சொற்ப மின்சாரமே கொள்ளும். காரீயத்தின் மேற்றோல் மட்டுமே வேலை செய்யும், உள்ளிருப்பது வாளாவிருக்கும். நம் வீடுகளில் புது மண்சட்டியை வாங்கியவுடன் குழம்பு வைப்பதில்லை. கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பலநாள் பழக்குகின்றோம். பிளாந்தேயும் தம் கலங்களைப் பழக்கினார். மின்னேற்றினார், இறக்கினார், முனைகளை மாற்றி மீண்டும் ஏற்றினார், இறக்கினார். அதன்பின் கலத்தை ஓய்வில் விட்டார். ஓய்வு முதலிற் சில மணிநேரம், பிறகு சில நாள், பிறகு வாரக்கணக்கு என நீண்டது. ஓய்விலிருக்கும்போது தகட்டின் மேற்படிந்த பழுப்புநிறப் பொருளும் அடியிலுள்ள காரீயமும் திராவகத்தோடு சேர்ந்து தமக்குள்ளே மெல்ல மாறுதலடைய, அடுத்தமுறை மின்னேற்றுகையில் தகடு இன்னும் ஆழமாய்த் துளைபட்டுப் பஞ்சுபோலாகும். ஒவ்வொரு சுற்றிலும் கலத்தின் கொள்ளளவு சிறிது வளரும். இங்ஙனம் ஒரு கலத்தைத் தகுதியாக்கப் பல மாதங்கள் சென்றன. பொறுமையில்லாதவன் இரண்டாம் வாரத்திலேயே அதனை எறிந்திருப்பான்.

உலகமோ அவரைக் கவனிக்கவில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. சேமக்கலத்தை நிரப்ப மின்சாரம் வேண்டும். அம்மின்சாரமோ அப்போது புன்சன் கலங்களினின்றே கிடைத்தது. அக்கலங்களினின்று எழும் நச்சுப் புகை மூச்சை அடைக்கும். கிணற்றில் நீர் இல்லாதபோது தொட்டி கட்டுவானேன் என்றே பலரும் நினைத்திருப்பர். இருபது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. பிளாந்தே சோர்ந்தாரில்லை. சிலவே புன்சன் கலங்களைக் கொண்டு எண்ணூறு சேமக்கலங்களைப் பக்க இணைப்பில் நிரப்பி, பின்னர் அவற்றையெல்லாம் ஒருசேரத் தொடராய் இணைத்தால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட் தருதலின் மொத்தம் 1,600 வோல்ட் கிட்டும். அப்பேராற்றலால் மின்னலையும், உருண்டை வடிவாய் உலவும் அபூர்வ மின்னலையும் ஒத்த காட்சிகளை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்த்தார். தம் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1879-இல் நூலாக வெளியிட்டார்.

அதற்குள் டைனமோ என்னும் பொறி வந்துவிட்டது. கிணற்றில் நீர் ஊறியது, தொட்டிக்கு மதிப்புண்டாயிற்று. 1881-இல் கமீல் ஃபோர் என்பார் தகட்டின்மேற் காரீயச் செந்தூரத்தைக் குழைத்துப் பூசி, மாதக்கணக்கிற் பழக்கவேண்டிய வேலையைச் சில நாட்களில் முடித்தார். செல்வமும் கம்பெனிகளும் அவ்வழியே சென்றன. ஆயினும் பூசியது உதிரும், பழகியது உதிராது. பிளாந்தே முறையிற் செய்த தகடுகள் இருபதாண்டுக்கு மேலும் உழைப்பதால், மின்நிலையங்களில் அவற்றை இன்றும் வைக்கின்றனர். அதே 1881-இல் பாரீஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், கஸ்தோன் திசாந்தியே என்பார் மூன்றரை மீட்டர் நீளமுள்ள மாதிரி ஆகாயக் கப்பலொன்றைப் பறக்கவிட்டார். அதன் சிறு மோட்டாரை ஓட்டியது ஒரு பிளாந்தே சேமக்கலமே. மின்சாரத்தாற் பறந்த மாதிரி விமானங்களுக்கெல்லாம் மூத்தோன் அதுவெனலாம். பிளாந்தே அப்போது நாற்பத்தேழு வயதினர்.

1889-ஆம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி அவர் காலமானார். பாரீஸ் விஞ்ஞானக் கழகம் அவர் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்தியது. சந்திரனிலும் ஒரு பள்ளத்திற்கு அவர் பெயர் உண்டு.

அவர் மறைந்த பத்தாம் ஆண்டில், அதாவது 1899-இல், சுவீடன் தேசத்து வால்டெமார் யுங்னர் காரீயத்தையும் திராவகத்தையும் விடுத்து, நிக்கலும் காட்மியமும் காரநீரும் கொண்ட சேமக்கலத்தை அமைத்தார். மாதிரி விமானங்களை ஏவும் டிரான்ஸ்மிட்டர்களில் நெடுங்காலம் இருந்தவை இவ்வகைக் கலங்களே. இப்பொழுது காட்மியத்திற்குப் பதிலாக ஹைட்ரைடு கலங்களும், லித்தியக் கலங்களும் வந்துள்ளன. ஒவ்வொரு நிக்கல் கலமும் 1.2 வோல்ட், எட்டினைத் தொடராய்க் கோத்தால் 9.6 வோல்ட். இவை ஒன்றுஞ் செய்யாதிருக்கும்போதும் தாமே வடியும். பழைய ஹைட்ரைடு கலங்கள் ஒரே மாதத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்துவிடும். வெயிலில் இன்னும் விரைவாக. தீபாவளிக்கு முன் நிரப்பியது பொங்கலுக்கு எங்ஙனம் இருக்கும்?

காரீயக் கலத்தை வெறுமையாய் விட்டுவைத்தல் ஆகாது. தகட்டில் வெண்படிவம் இறுகிக் கெடும். லித்தியக் கலத்தை முழுதும் நிரப்பியே வைத்தலும் ஆகாது. பாதியளவில், குளிர்ந்த இடத்தில் வைத்தல் நலம். நிக்கல் கலத்திற்கோ கொள்ளளவிற் பத்திலொரு பங்கு ஓட்டத்தில், அதாவது 2,000 மில்லி ஆம்பியர்-மணிக் கலத்திற்கு 200 மில்லி ஆம்பியரில், பதினாலு முதல் பதினாறு மணிநேரம் மின்னேற்றுதல் பழைய முறை. பறக்கும் நாளுக்கு முந்திய இரவில் அதனைச் செய்தல் வேண்டும். எட்டுக் கலங்களுள் ஒன்று மற்றவற்றிற்கு முன்னே தீர்ந்துவிட்டால், மீதி ஏழும் அதனூடே ஓட்டத்தைத் தள்ளி அதன் முனைகளைத் தலைமாற்றிவிடும். பிளாந்தே வேண்டுமென்றே செய்த முனைமாற்றம் காரீயத்தை வளர்த்தது. நிக்கல் கலத்தில் அறியாமல் நேரும் முனைமாற்றமோ அதனைக் கொல்லும்.

கரும்புக் கொல்லையினின்று மறுநாட் காலையில் விமானம் கிடைத்தது. ஓர் இறக்கை முறிந்திருந்தது. இளைஞர் டிரான்ஸ்மிட்டரைத் திறந்து எட்டுக் கலங்களையும் தனித்தனியே அளந்தனர். மெதுவாய் மின்னேற்றி, அளவோடு இறக்கி, மீண்டும் ஏற்றி, மூன்று சுற்று நடத்தினர். ஏழு கலங்கள் தேறின. எட்டாவது மட்டும் ஏற்றிய மறுநாளே வெறுமையாயிற்று. பழையதோடு புதியதைக் கோத்தல் தகாதாகையால் எட்டையும் நீக்கிப் புதிய தொகுதி வாங்கினர். இப்பொழுது அப்பெட்டியின் முதுகில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் மின்னேற்றிய தேதியும் வோல்ட் அளவும் பென்சிலால் எழுதப்பட்டுள்ளன.